கயிற்றை இழுப்பதற்கு முன்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலத்தை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஏரிகள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் கழிக்க நேர்ந்தது. பக்கத்து வீட்டில் எண்பது வயதை நெருங்கும் பெரியவர் ஒருவர் தனியே வசித்து வந்தார். அவருடைய கொட்டகையில் தண்ணீர் நிரப்பிய பீப்பாய் ஒன்று இருந்தது. அதன் விளிம்பில், 1950களில் செய்யப்பட்ட ஓர் அவுட்போர்டு எஞ்சின் மாட்டப்பட்டிருந்தது. படகின் பின்பலகையில் திருகுப்பிடிகளால் மாட்டவும் வேண்டாதபோது கழற்றித் தோளில் சுமந்து செல்லவும் கூடிய எஞ்சினைத்தான் அப்படி அழைக்கிறார்கள். மேலே எஞ்சின், நடுவே நீண்ட தண்டு, அடியில் நீருக்குள் சுழலும் விசிறி, எல்லாம் ஒரே உடல். தன்னைச் சுற்றியுள்ள நீரையே உறிஞ்சிக் குளிர்ந்துகொள்வதால் அதை வெறுந்தரையில் ஓட்டிப் பார்க்க முடியாது. பீப்பாய் அதற்காகத்தான்.

மாலை நேரங்களில் அவருடைய பேரன் வந்து எஞ்சினின் கயிற்றை இழுப்பான். இருபது முறை, முப்பது முறை. எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு அடங்கிவிடும். பெரியவருக்குத் தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்ததால் அவர் இழுக்கக் கூடாது. நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கோடை முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டு மகளுடன் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர வேண்டும் என்பது முடிவாகியிருந்தது. ஓடாத எஞ்சினுக்கு அந்தப் பயண வண்டியில் இடமில்லை என்பதும் முடிவாகியிருந்தது.

அவர் ஒருநாள் சொன்னது நினைவில் நிற்கிறது. எத்தனை முறை இழுத்தோம் என்று எண்ணுவதில் பயனில்லை, இழுப்பதற்கு முன் எதைப் பார்த்தோம் என்பதுதான் கேள்வி என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த எஞ்சின்களின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். வேகம், குதிரைத்திறன், பந்தய வெற்றி என்று அந்த வரலாற்றைப் பலவிதமாக எழுதலாம். எனக்கோ அது முதன்மையாக 'கிளப்புவது எப்படி' என்ற ஒரே கேள்வியின் வரலாறாகத் தெரிகிறது. எஞ்சினைக் கிளப்பும் சுமையை மனிதக் கையிலிருந்து இறக்கி வைக்க ஒவ்வொரு தலைமுறையும் முயன்றது. ஒவ்வொரு முறையும் அந்தச் சுமை, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பாகத்தின் தலையில் ஏற்றப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து எஞ்சின் கிளம்ப மறுக்கும்போது நாம் தேடுவது அந்தச் சிறு பாகத்தைத்தான்.

*

இந்த வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் அவுட்போர்டு மோட்டாருக்குக் கிளப்புவதில் சிக்கலே இருக்கவில்லை. 1881-ஆம் ஆண்டு மே மாதம், பாரிஸ் நகரின் சேன் ஆற்றில், குஸ்தாவ் த்ரூவே என்ற பிரெஞ்சுக்காரர் ஐந்து மீட்டர் நீளமுள்ள படகு ஒன்றை மின்மோட்டாரால் ஓட்டிக் காட்டினார். மோட்டாரும் விசிறியும் சுக்கானோடு இணைந்திருந்தன. தேவையில்லையென்றால் கழற்றி எடுத்துவிடலாம். மின்கலத்தோடு இணைத்தால் ஓடும், துண்டித்தால் நிற்கும். ஆனால் அன்றைய மின்கலங்கள் கனமானவை, விரைவில் தீர்ந்துபோகிறவை. ஏரியில் மீன்பிடிக்கப் போகிறவனுக்கு அவை உதவவில்லை.

பெட்ரோல் எஞ்சின் அந்தக் குறையைத் தீர்த்தது. கூடவே புதிய தொல்லையொன்றைக் கொண்டுவந்தது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்து தானே சுழலத் தொடங்கும். பெட்ரோல் எஞ்சினுக்கு அது கைவராது. முதல் சுற்றை வேறு யாராவது சுற்றிக் கொடுக்க வேண்டும். காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து, அமுக்கி, சரியான நொடியில் பொறி தட்டினால்தான் அது உயிர்பெறும். எரிபொருள், அமுக்கம், பொறி என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் இரும்பு.

யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த கேமரன் வாட்டர்மன் என்ற மாணவர், தம் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றி, அறையில் ஒரு நாற்காலியின் முதுகில் மாட்டி ஓட்டிப் பார்த்தபோது, இதையே படகின் பின்புறத்தில் மாட்டினால் என்ன என்று தோன்றியதாகச் சொல்வார்கள். 1905 பிப்ரவரியில், பனிக்கட்டிகள் மிதந்த டெட்ராய்ட் ஆற்றில் அவர் அதைச் சோதித்துப் பார்த்தார். 1907-இல் காப்புரிமை பெற்றார்.

மக்கள் மனத்தில் நின்ற பெயரோ ஓலே எவின்ரூட். 1877-இல் நார்வேயில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே பெற்றோருடன் விஸ்கான்சினுக்குக் குடியேறியவர். அதிகம் பள்ளி செல்லாதவர், இரும்புப் பட்டறைகளில் தொழில் கற்றவர். 1906-ஆம் ஆண்டுக் கோடையில், ஏரித் தீவொன்றுக்கு உல்லாசப் பயணம் போயிருந்தபோது, அவர் மணக்கவிருந்த பெஸ் ஐஸ்கிரீம் வேண்டும் என்று கேட்டாராம். ஓலே கரைக்குத் துடுப்புப் போட்டுச் சென்று வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த வெயிலில் துடுப்புப் போட்ட களைப்பில் பிறந்ததுதான் எவின்ரூட் எஞ்சின் என்பது கதை. எத்தனையோ முறை திரும்பச் சொல்லப்பட்டு மெருகேறிய கதை. எவ்வளவு உண்மையோ, அதன் மையத்தில் நோகும் தோள் ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1909-இல் விற்பனைக்கு வந்த அந்த எஞ்சின் சுமார் 28 கிலோ எடையும் ஒன்றரைக் குதிரைத்திறனும் கொண்டது. முதலில் செய்து காட்டியபோது காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரம் போலிருக்கிறது என்று பெஸ் சிரித்தார் என்பார்கள். எஞ்சினின் உச்சியில் கிடைமட்டமாக ஒரு கனத்த சுழல்சக்கரம். அதன் விளிம்பில் மரத்தாலான ஒரு குமிழ். அதைப் பிடித்துச் சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட வேண்டும்.

இங்கேதான் வலி தொடங்கியது. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொறி தட்டுவது இவ்வகை எஞ்சின்களின் இயல்பு. வேகமாகச் சுழலும்போது அது நன்மை. கை தயங்கிச் சக்கரம் மெதுவாகச் சுழன்றாலோ, வெடிப்பு பிஸ்டனை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். சக்கரம் எதிர்த்திசையில் சீறும். மரக்குமிழ் விரல் முட்டிகளைப் பதம் பார்க்கும். துடுப்பின் களைப்பிலிருந்து தோளைக் காத்த கருவி விரல்களைக் கேட்டது. எஞ்சின் கிளம்பிவிட்டாலும் நிம்மதியில்லை. விசிறியை எஞ்சினிலிருந்து பிரித்து வைக்கும் கிளட்ச் அக்கால எஞ்சின்களில் இல்லாததால், பொறி பிடித்த நொடியிலேயே படகு பாயும். நின்றபடி சுழற்றியவர் நிலைதடுமாறித் தண்ணீரில் விழ வாய்ப்பு அதிகம்.

*

அடுத்த இருபது ஆண்டுகளின் முயற்சிகள் பெரும்பாலும் இந்த முதல் சுற்றை எளிதாக்குவதைப் பற்றியவை. சுழல்சக்கரத்தின் தலையில் ஒரு வெட்டு வைத்து, முடிச்சிட்ட கயிற்றை அதில் கோத்துச் சுற்றி இழுக்கும் முறை வந்தது. விரல்கள் தப்பின. இழுத்த கயிறு முழுவதுமாகக் கழன்று கையோடு வந்துவிடும். பின்னால் அமர்ந்திருப்பவர் குனியத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

பொறிக்கு வேண்டிய மின்சாரம் முதலில் மின்கலத்திலிருந்து வந்தது. திறந்த படகில் மின்கலம் நனையும், நனைந்தால் கெடும், எடையும் கூடும். ஆகவே சுழல்சக்கரத்துக்குள்ளேயே காந்தங்களைப் பதித்து, அவை ஒரு கம்பிச்சுருளைக் கடக்கும்போது மின்சாரம் உண்டாகும்படி செய்தார்கள். மேக்னெட்டோ என்பது இதுதான். இனி மின்கலம் தேவையில்லை, எஞ்சின் தன் பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். 1922-ஐ ஒட்டி ஜான்சன் சகோதரர்கள் இந்த ஏற்பாட்டுடன் 16 கிலோ எடையில் இரண்டு சிலிண்டர் எஞ்சினைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, ஒற்றைக் கையால் தூக்கிச் செல்லக்கூடிய எஞ்சின் உண்மையிலேயே சாத்தியமாயிற்று.

மேக்னெட்டோவில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. காந்தம் எவ்வளவு வேகமாகச் சுருளைக் கடக்கிறதோ அவ்வளவு வலிமையான பொறி கிடைக்கும். மெல்ல இழுத்தால் பொறியும் மெலிந்திருக்கும். கையில் வலுவுள்ளவனுக்கு எஞ்சின் எளிதில் கிளம்பும், வலுவற்றவனுக்குக் கிளம்பாது. கிளம்பாத எஞ்சினைப் பலசாலி ஒருவன் வந்து ஒரே இழுப்பில் கிளப்பிவிட்டு, இதில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிப் போவது படகுத்துறைகளில் காணும் காட்சிதான். கோளாறு இருக்கிறது. அவனுடைய தோள் அதை மறைத்துவிட்டது.

ஓலே எவின்ரூட் இதைப் புரிந்துகொண்டவர் என்று நினைக்கிறேன். நிறுவனத்தின் கடிதங்களையும் விளம்பரங்களையும் கணக்குகளையும் பார்த்துவந்த பெஸ் உடல்நலம் குன்றியதால், 1914-இல் தம் பங்கைக் கூட்டாளிக்கு விற்றுவிட்டு ஓலே ஒதுங்கினார். சில ஆண்டுகள் கழித்து அலுமினியத்தால் ஆன புதிய எஞ்சின் ஒன்றை வடிவமைத்து, முதலில் தம் பழைய நிறுவனத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். ஆகவே கணவனும் மனைவியும் புதிய நிறுவனம் தொடங்கினார்கள். எல்ட்டோ என்று பெயர். 'எவின்ரூட்டின் எடை குறைந்த இரட்டைச் சிலிண்டர் அவுட்போர்டு' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை.

1921-இல் வந்த அந்த எஞ்சின் 22 கிலோ எடையில் மூன்று குதிரைத்திறன் தந்தது. அதில் ஓலே மேக்னெட்டோவை விட்டுவிட்டு வேண்டுமென்றே மின்கலத்துக்குத் திரும்பினார். மின்கலத்தின் பொறி சுழலும் வேகத்தைச் சார்ந்ததன்று. சக்கரத்தைப் பின்னோக்கி மெல்ல அசைத்து, அமுக்கத்துக்கு எதிராகத் தள்ளினால் போதும், கால் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். முன்பு விரல்களை முறித்த அதே எதிர்த்தாக்குதலையே இப்போது கிளப்பும் உத்தியாக்கிவிட்டார். வலுவற்ற கைகளுக்கும் எஞ்சின் கிளம்ப வேண்டும் என்ற எண்ணம், ஒரு வடிவமைப்புக் கொள்கையாக இங்கே வெளிப்பட்டது. 1929-இல் மூன்று நிறுவனங்கள் இணைந்து ஒன்றாயின. அதன் தலைவராக ஓலே தம் பழைய பெயருக்கே திரும்பி வந்தார். 1930-இல் பொத்தானை அழுத்திக் கிளப்பும் மின்துவக்கியும் வந்துவிட்டது. பெஸ் 1933-இலும் ஓலே 1934-இலும் மறைந்தார்கள்.

*

கிளம்பாத எஞ்சின் ஒரு பெரிய நிறுவனத்தின் பிறப்புக்கே காரணமான கதையும் உண்டு. 1939-இன் தொடக்கத்தில், விஸ்கான்சினின் சீடர்பர்க் ஊரில் நொடித்துப்போன தொழிற்சாலை ஒன்றை கார்ல் கீக்காஃபர் என்ற பொறியாளர் வாங்கினார். அவருடைய நோக்கம் காந்தப் பிரிப்பான்கள் செய்வது. தொழிற்சாலைக்குள் சுமார் 300 அவுட்போர்டு எஞ்சின்கள் கிடந்தன. அஞ்சல்வழி வணிகம் நடத்திய மான்ட்கோமரி வார்டு நிறுவனம், சரியாக இயங்கவில்லை என்று திருப்பியனுப்பியவை அவை. கைச்செலவுக்குப் பணம் தேவைப்பட்டதால், கீக்காஃபர் அவற்றைப் பிரித்துக் குறை நீக்கி அதே நிறுவனத்திடம் விற்றார். அவர்கள் மகிழ்ந்து மேலும் கேட்டார்கள். காந்தப் பிரிப்பான்கள் பின்தங்கின. 1940-இல் மெர்க்குரி என்ற பெயரில் அவருடைய சொந்த எஞ்சின்கள் வந்தன. இன்று உலகின் பெரிய அவுட்போர்டு நிறுவனங்களில் ஒன்றான மெர்க்குரியின் முதல் மூலதனம், பிறர் கைவிட்ட எஞ்சின்களில் பிழை கண்டுபிடித்த பொறுமைதான்.

*

இதுவரை சொன்னவை ஏரிக்கரைக் கதைகள். கிளம்பாவிட்டால் துடுப்புப் போட்டுத் திரும்பலாம், வைதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்படித் திரும்ப முடியாத ஓர் இரவும் இந்த வரலாற்றில் இருக்கிறது.

1944 செப்டம்பர் 17 அன்று, நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரருகே பிரிட்டனின் முதலாம் வான்படைப் பிரிவு இறங்கியது. ரைன் ஆற்றின் பாலத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது திட்டம். திட்டம் தோற்றது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் போன இடத்தில், எஞ்சியவர்கள் ஆற்றின் வடகரையில் ஊஸ்டர்பேக் என்ற சிற்றூரைச் சுற்றி நெருக்கப்பட்டுக் கிடந்தார்கள். செப்டம்பர் 25 இரவில் அவர்களைத் தென்கரைக்குக் கொண்டுவரும் பொறுப்பு பிரிட்டிஷ், கனடியப் பொறியாளர் படைகளுக்குத் தரப்பட்டது. பிரிட்டிஷ்காரர்களிடம் துடுப்புப் போடும் சிறு படகுகள் இருந்தன. கனடியர்களிடம் ஒட்டுப்பலகையால் ஆன படகுகள், அவற்றின் பின்பலகையில் 50 குதிரைத்திறன் எவின்ரூட் எஞ்சின்கள். துடுப்பின் களைப்பில் பிறந்த கருவி, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அங்கே வந்து சேர்ந்திருந்தது.

அன்றிரவு பெருமழை. வான்படையினர் காலணிகளைத் துணியால் சுற்றிக்கொண்டு, ஒருவர் ஆடையை மற்றவர் பற்றியபடி இருட்டில் ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். காற்றும் மழையும் அவர்களுடைய அசைவை மறைத்தன. அந்த மழை இல்லையென்றால் பலர் பிழைத்திருக்க மாட்டார்கள். அதே மழைதான் எஞ்சின்களை நிறுத்தியது. பொறியை உண்டாக்கும் மின்சாரம் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் உடையது. உலர்ந்த நிலையில் அது கம்பி வழியே ஸ்பார்க் பிளக்கின் முனைக்குச் சென்று அங்கே தாவும். கம்பியின் மேலுறையும் பிளக்கின் பீங்கானும் நனைந்துவிட்டால், ஈரத்தின் வழியே கசிந்து எஞ்சினின் உடலில் இறங்கிவிடும். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் சிலிண்டருக்குள் பொறி விழாது. நடு ஆற்றில் எஞ்சின் நின்ற படகுகள் நீரோட்டத்தில் இழுபட்டன. துப்பாக்கிச் சூட்டின் நடுவே, இருட்டில், நனைந்த விரல்களால் எஞ்சினைத் திரும்பத் திரும்பக் கிளப்ப முயன்ற அந்தப் பொறியாளர்களை நினைத்துப் பார்க்கலாம். அவர்களுக்கும் கேள்வி அதே மூன்றுதான், எரிபொருள், அமுக்கம், பொறி. பதில் தெரிந்திருந்தும் அவர்களால் மழையை நிறுத்த முடியவில்லை.

விடிவதற்குள் ஏறத்தாழ 2,400 பேர் கரை சேர்ந்தார்கள். வெளிச்சம் வந்த பிறகு படகுகள் ஓட முடியாமல் போயிற்று. வடகரையில் காத்திருந்தவர்கள் சிறைப்பட்டார்கள். எத்தனை எஞ்சின்கள் கூடுதலாக ஓடியிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று யாராலும் கணக்கிட முடியாது. ஆனால் அந்தக் கரையில் காத்திருந்தவர்களின் விதியில், நனைந்த ஒரு சாண் கம்பிக்கும் ஒரு பங்கு இருந்தது.

*

போருக்குப் பின் வந்த எஞ்சின்கள் வசதியானவை. கயிறு கழன்று வராமல் தானே சுருண்டுகொள்ளும் துவக்கி பரவலாயிற்று. 1949-ஐ ஒட்டி, முன் பின் என மாற்றும் கியரும், எஞ்சினிலிருந்து தனியே பிரித்து வைத்த எரிபொருள் தொட்டியும் வந்தன. அழகான உலோக மூடி எல்லாவற்றையும் மறைத்தது. பெரியவரின் கொட்டகையில் இருந்தது இத்தலைமுறையைச் சேர்ந்த எஞ்சின்.

அவர் கற்றுத்தந்த முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு முறை இழுத்தும் கிளம்பவில்லையென்றால் இழுப்பதை நிறுத்த வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. தொட்டி, குழாய், கார்புரேட்டர் என்று வரிசையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். அக்காலத் தனித்தொட்டிகள் பலவற்றில் எரிபொருளை ஏற்றித் தர பம்ப் கிடையாது. எஞ்சினே காற்றை அனுப்பித் தொட்டிக்குள் அழுத்தம் உண்டாக்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து காற்று கசிந்தால் பெட்ரோல் மேலேறாது. பல மாதம் கிடந்த பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரின் ஊசித்துளையை அடைத்திருக்கவும் கூடும்.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் ஐயத்துக்குரியது. பெட்ரோல் ஆவி அண்டாத இடத்தில் பிளக் கம்பியின் முனையை எஞ்சின் உடலிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்துச் சுழற்றினால், நீல நிறப் பொறி ஒன்று தாவ வேண்டும். மஞ்சளாக மெலிந்திருந்தாலோ, தாவவே இல்லையென்றாலோ, சுழல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அடியில் பாயின்ட் எனப்படும் இரு சிறு உலோக முனைகள் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அவற்றின் இடைவெளி அரை மில்லிமீட்டர். ஒரு குளிர்காலம் சும்மா கிடந்தாலே அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத களிம்பு படியும். துடைத்தால் எஞ்சின் உயிர்பெறும். அருகே இருக்கும் கம்பிச்சுருளின் மேலுறை வெடித்திருந்தால் ஆர்ன்ஹெமின் கதைதான், ஈரம் புகுந்து மின்சாரம் கசியும்.

இரண்டும் சரியென்றால் மிஞ்சுவது அமுக்கம். பிளக் இருந்த துளையைக் கட்டைவிரலால் மூடிச் சுழற்றினால் விரலைத் தள்ளிவிடும் வலு இருக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்து எஞ்சின் கிளம்பவில்லையென்றால், அடிப்பகுதியின் அடைப்பு வளையங்களைச் சந்தேகிக்க வேண்டும். இவ்வகை எஞ்சின் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள அறையின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அந்த அறையில் கசிவு ஏற்பட்டால் அதற்கு மூச்சு முட்டும்.

பெரியவரின் எஞ்சினில் பிளக் எப்போதும் நனைந்தே இருந்தது. ஆகவே பேரன் பொறியைச் சந்தேகித்து, புதிய பிளக்கும் புதிய கம்பிச்சுருளும் வாங்கிப் போட்டிருந்தான். சோதித்தபோது பொறி நன்றாகவே தாவியது. அப்படியானால் பெட்ரோல் தேவைக்கு மேல் வந்துகொண்டிருக்கிறது. கார்புரேட்டரைத் திறந்தார்கள். உள்ளே பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவை, தக்கையால் ஆனது. அளவு உயர்ந்தால் மிதவை மேலெழுந்து வரும் வழியை மூடும். தக்கை ஊறிவிடாமல் இருக்க அக்காலத்தில் அதன்மேல் அரக்குப் பூச்சு கொடுத்தார்கள். பெட்ரோலில் அரக்கு கரையாது, ஆல்கஹாலில் கரையும். 1950களின் பெட்ரோலில் ஆல்கஹால் இல்லை. இன்று அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. பூச்சு கரைந்து, தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்து மூழ்கியிருந்தது. வழி மூடப்படாமல், ஒவ்வொரு இழுப்பிலும் சிலிண்டர் பெட்ரோலில் மூழ்கிக்கொண்டிருந்தது. பேரன் எவ்வளவு இழுத்தானோ அவ்வளவுக்கு அது கிளம்பாமல் போயிற்று.

*

நம் பக்கத்துக் கடற்கரைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 1980களில் கேரளக் கடற்கரையிலும் அதையொட்டிய குமரி மாவட்டத்திலும் வள்ளங்களில் ஜப்பானிய அவுட்போர்டு எஞ்சின்கள் வேகமாகப் பரவின. அவை பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை, காரணம் விலை. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்குத் திரும்பும்போது நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும். அசதியில் அதை மறந்துவிட்டால், மறுநாள் விடியற்காலை இருட்டில், அலை அடிக்கும் கரையில் நின்று அதற்கான விலையைத் தோளால் கொடுக்க வேண்டும். இழுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது சில நேரங்களில் முந்தைய நாள் மாலையிலேயே இருக்கிறது. இந்தியாவிலும் 2023 முதல் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருப்பதால், பழைய எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தக்கை மிதவையின் கதை அயலார் கதையன்று.

இவ்வகைப் பழைய எஞ்சின்களை மட்டும் போற்றுவதும் சரியாகாது. அவை உட்கொள்ளும் எரிபொருளில் 25 முதல் 30 விழுக்காடு வரை எரியாமலே நீரிலும் காற்றிலும் கலந்துவிடுவதாகக் கணக்கிட்டார்கள். 1996-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை கொண்டுவந்த கட்டுப்பாடுகளுக்குப் பின் அந்த வகை அங்கே மெல்ல மறைந்தது. எவின்ரூட், ஜான்சன் பெயர்களைத் தாங்கிய நிறுவனம் 2000-ஆம் ஆண்டு இறுதியில் திவாலானது. வேறு கைக்கு மாறிய எவின்ரூட் எஞ்சின்களின் உற்பத்தியும் 2020-இல் நின்றுபோனது. இன்று சிறு படகுகளுக்கு மின்மோட்டார்கள் மீண்டும் வரத் தொடங்கியிருக்கின்றன. பொத்தானைத் தொட்டால் ஓடும், விட்டால் நிற்கும். 140 ஆண்டுகளுக்கு முன் சேன் ஆற்றில் த்ரூவே காட்டியது அதைத்தான்.

பெரியவரின் எஞ்சினுக்குப் புதிய மிதவை ஒன்று அஞ்சலில் வந்தது. எத்தனாலில் கரையாத பொருளால் ஆனது, விலை சில டாலர்கள். பேரன் அதைப் பொருத்தி, பிளக்குகளைத் துடைத்து உலர்த்தி மாட்டினான். பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, ஒருமுறை எரிபொருள் குழாயையும் ஒருமுறை சோக்கின் நிலையையும் பார்த்தார். பிறகு தலையசைத்தார். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. பீப்பாய்த் தண்ணீர் கொந்தளித்துக் கொட்டகைத் தரையெல்லாம் நனைந்தது. அந்தக் கோடையின் கடைசி வாரத்தில் இருவரும் ஏரிக்குப் போய் வந்தார்கள். நாலைந்து நாட்கள் கழித்து வந்த பயண வண்டியில், துணி சுற்றிய எஞ்சினை முதல் ஆளாகப் பேரன் ஏற்றியதைச் சன்னலிலிருந்து பார்த்தேன்.